ஆள் தெரியாத பாரி

செப்டம்பர் 14, ஞாயிறு

உரக்கடையில் தைப் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்குத் துடைத்து எடுத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. இந்த வருடம் முளைப்பாரி வீட்டுச் சாவி என் கைக்கு வந்துவிட்டது.

மேலக்கரைப்பட்டியில் புரட்டாசிப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு பாரி போடுவோம். மண்சட்டியில் எருவும் கண்மாய்க் கரம்பை மண்ணும் நிரப்பி, பயறு விதைத்து, எல்லாச் சட்டிகளையும் வெளிச்சம் படாத ஒரே வீட்டில் அடைத்து வைப்போம். முளைத்து மஞ்சளாகத் தளதளவென்று வளர்ந்ததும் தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைப்போம். ஆண்கள் அந்த வீட்டு நிலையைத் தாண்டக் கூடாது. சாவிக்காரி ஒருத்திதான் காலையில் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். அங்கே பார்த்ததை அவள் வெளியே பேசக் கூடாது. எந்தச் சட்டி முளைத்தது, யாருடையது சூம்பிப்போனது, எதையும் வாய் திறந்து சொல்லக் கூடாது. என்னைப் போன்றவளுக்கு இது தண்டனைதான். சாவியை நீட்டும்போது ஒச்சப்பன் பூசாரியே சிரித்துவிட்டார்.

"சுந்தரி, பாரி எடுக்குற வரைக்கும் வாயக் கட்டணும். உன்னால முடியுமாத்தா?"

"முடியும்ண்ணே" என்றேன். வாயைத்தானே கட்டச் சொன்னார்கள். கையைக் கட்டச் சொல்லவில்லையே.

என் நாத்தனார் செல்லக்கிளிக்கு முகம் தொங்கிப்போனது. இந்த வருடம் சாவி தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு அளவோடுதான். அவள் மகன் பாலுவுக்கு என் மகள் வினோதினியைப் பேசி, பத்திரிகை அடித்து, பந்தக்காலுக்கு ஆள் சொன்ன பிறகு, வினோ மினி பஸ் ஓட்டுகிற தினகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. பாலுவுக்குத் திருப்பூரில் நல்ல இடத்தில் முடிந்து, அவன் கன்னமெல்லாம் சதை போட்டுத் திரிகிறான். என் வீட்டுக்காரர்தான் அன்றைக்குத் தங்கச்சி முன்னால் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். "அவ பேரை எடுத்தவுக இந்த வீட்டுல இருக்கக் கூடாது." அதனால் நான் எடுப்பதில்லை. டைரியில் எடுத்தால் அது சேர்த்தி இல்லை.

அந்த மினி பஸ் தினமும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. இவர் அதில் ஏறமாட்டார். மெயின் ரோட்டுக்கு வெயிலில் நடந்தே போவார். ரோஷக்காரர்.

செப்டம்பர் 15, திங்கள்

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால்தான் செல்போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. தினமும் சாயங்காலம் அங்கே சிறிது நேரம் நிற்பேன். யாரிடம் பேசுகிறேன் என்பதை எழுதத் தேவையில்லை. அந்தப் பக்கம் மசக்கை குறைந்திருக்கிறதாம். ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டதாம். நாக்கு புளியோதரை கேட்கிறதாம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தலைச்சன் பிள்ளை சுமக்கிற மகளுக்குப் பிறந்த வீட்டில் தனியாக ஒரு பாரி போட வேண்டும். சட்டியின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய நூலைச் சுற்றினால் அது தலைச்சன் பாரி. மகள் வந்து அதைச் சுமந்து போய்க் கரைக்க வேண்டும். பாரி எப்படி வளர்கிறதோ அப்படித்தான் பிள்ளையும் வளரும் என்பார்கள். அவளுக்கு ஒன்று போட வேண்டும் என்று என் மனது அடித்துக்கொள்கிறது. இவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கே கேட்கிறாற்போல் பேசுகிற வாய், இதற்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

இவர் மக்காச்சோள விதை வாங்கி வந்து பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ் நிறத்தில் மருந்து தடவிய விதை. அதே கையோடு சோற்றில் கை வைக்கப் போனார். கத்தி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. எல்லோரும் முத்துப் போட்டு, அதாவது பயறு விதைத்து, சட்டிகளை உள்ளே வைத்தோம். எங்கள் வீட்டுக்கு வழக்கமான ஒரு பாரிதான் போட்டேன். பூட்டில் ஒரே துரு. சாவியைத் திருப்புவதற்குள் கை கன்றிப் போனது.

இனி பாரி எடுக்கிற வரைக்கும் யார் வீட்டிலும் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தாளிக்காத குழம்பைப் பார்த்து இவர், "இதுக்கு மாட்டோட சேந்து நானும் கழனித் தண்ணி குடிச்சுக்கிருவேன்" என்றார். குடியுங்கள் என்றேன்.

மதியம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆணியில் மாட்டிய சாவி வேறு பக்கம் திரும்பித் தொங்குகிறது. எலியாக இருக்கும்.

சாணி அள்ளுகிற இரும்புச் சட்டியைக் காணோம். இவரைக் கேட்டால், "நரி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்கிறார். இரும்புச் சட்டியை நரி என்ன செய்யும்?

செப்டம்பர் 17, புதன்

சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் பாரி வீட்டைத் திறந்தேன். பூட்டு வெண்ணெயில் விரல் விட்டாற்போல் திறந்துகொண்டது. ஆத்தா மனது வைத்துவிட்டாள் என்று கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். தண்ணீர் தெளித்துக்கொண்டே கதவு மூலைக்கு வந்தால், அங்கே ஒரு சட்டி. நேற்று அது இல்லை. எல்லாமே மண்சட்டி, அது மட்டும் இரும்புச் சட்டி. வெளியே சுண்ணாம்பும் காவியும் பட்டை போட்டிருந்தது, அதுவும் கோணல் கோணலாக. கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய நூல்.

தலைச்சன் பாரி!

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. வைக்க நினைத்தேன், அவ்வளவுதான். நினைத்ததெல்லாம் முளைக்குமா?

பூசாரியிடம் மட்டும் சொல்லலாம் என்பதால் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார்.

"முத்து விழுந்துருச்சுன்னா அதுவும் ஆத்தாதான். தூக்கி வெளிய வைக்க யாருக்கும் உரிமை கெடையாது. ஆனா ஒண்ணு. எடுக்குற அன்னைக்கு உரியவுக வந்து, என்னுதுன்னு சொல்லி எடுக்கணும். ஒரு பாரி உள்ள கெடந்தா மத்த பாரி எதுவும் கெளம்பாது."

"யாருமே வரலைன்னா?"

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார்.

காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து சாயங்காலம் முறைவைத்து ஒருத்தி உள்ளே விளக்கு வைப்பாள். இன்றைக்கு வைக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் வாயைக் கட்டியிருந்து என்ன பயன்? இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

ஊரே துப்பறிகிறது. எந்த வீட்டு மகள் தலைச்சன் சுமக்கிறாள் என்பதுதான் கேள்வி. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண்கள் மேல்தான் எல்லோர் கண்ணும். ரேஷன் கடைக்காரர் மருமகள் நேற்றுக் காலையில் வேப்பங்குச்சியை மென்று ஓங்கரித்தாளாம். போதாதா? அவள் மாமியார் பாலும் பழமுமாக ஊட்டித் தள்ளுகிறாள். அந்தப் பெண், "அய்யோ அத்தை, எனக்கு ஒண்ணுமில்ல" என்று அழாத குறை. மேலத் தெருவில் புதிதாகக் கல்யாணமான இன்னொருத்தியைத் தண்ணீர்க் குடம் தூக்க விடமாட்டேன் என்கிறார்கள். அவள் மட்டும் விவரமானவள். மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை, குடத்தைப் புருஷன் தலையில் ஏற்றிவிட்டாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்து தலைச்சன் சுமப்பவள் ஒருத்திதான். அவள் இந்த ஊரிலேயே இல்லை. அவளுக்கு மாசமென்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் சட்டியை வைத்தது யார்? என் மகளுக்காக வைத்ததா, இல்லை என்னை மாட்டிவிட வைத்ததா? இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சாவி என்னிடம் இருக்கிறது, நான்தான் வைத்தேன் என்று நினைத்துவிட்டால்? "வீட்டுல இருக்கக் கூடாது" என்றவர். இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்த வீடு. அதைவிட, கொஞ்சம் ஆறியிருந்த கோபம் மறுபடி கிளம்பினால், என் மகள் பிள்ளையோடு இந்தப் படியேறுகிற நாள் ஒருநாளும் வராது.

இப்படி என்னை மாட்டிவிட நினைக்கிற ஆள் ஒருத்திதான். பெயர் எழுதமாட்டேன். நாத்தனார் முறை.

இவர் டவுனுக்குப் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டார். சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. இன்றைக்கு மேகமூட்டம் போலிருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

மற்ற சட்டிகளில் எல்லாம் முளை விட்டுவிட்டது. மஞ்சள் தலையை நீட்டிக்கொண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. கதவு மூலைச் சட்டி மட்டும் மொட்டை. ஒரு முளைகூட இல்லை. மண்ணைக் கட்டி கட்டியாக அப்படியே கொட்டியிருக்கிறார்கள். எரு இல்லை, சலிக்கவில்லை. இதைப் போட்டது எந்த அறிவு கெட்டவளோ தெரியவில்லை.

பாரி எப்படியோ பிள்ளை அப்படி. இந்த எண்ணம் வந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. யாருக்கு வைத்த பாரி என்று எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கானால் என்ன? ஒரு வயிற்றுப் பிள்ளைக்கு வைத்தது மொட்டையாகக் கிடக்கலாமா?

நேற்று இரவு சுண்டலுக்கு ஊறப்போட்ட பாசிப்பயறு முளை கட்டியிருந்தது. ஒரு கைப்பிடி குறைகிறது. எங்கே போனதென்று எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற முறை செல்லக்கிளிக்கு. நிலைக்கு வெளியே நின்று காத்திருந்தேன். ஒரு விளக்கை ஏற்ற இவ்வளவு நேரமா? வெளியே வந்தபோது முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே என்ன செய்தாள்?

செப்டம்பர் 20, சனி

மாவு அரைத்தேன். மழை இல்லை. மூலையில் இன்னும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

முளைத்துவிட்டது!

ஆத்தா தாயே, முளைத்துவிட்டது. மொட்டையாகக் கிடந்த சட்டியில் இடம் இல்லாமல் நிற்கிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாரி வீட்டுக்குள் சத்தம் போடக் கூடாது, போட்டுவிட்டேன்.

அப்புறம் குனிந்து பார்த்தால் ஒரே குழப்பம். பாசிப்பயறு மயிர் மயிராக நிற்கிறது. அது இருக்கட்டும். அதோடு தடித்த தலையைக் குனிந்துகொண்டு தட்டாம்பயறு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மண்கட்டியை முட்டித் தூக்கிக்கொண்டு ஈட்டி போல் தடித் தடியாக இன்னொன்று. கிள்ளிப் பார்த்தேன். மக்காச்சோளம். மக்காச்சோளத்தை எந்தப் பெண்பிள்ளை பாரியில் போடுவாள்? ஓரத்தில் முளைக்காமல் கிடந்த ஒரு விதையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ரோஸ் நிறம் ஒட்டியது.

இந்த ஊரில் மக்காச்சோளம் போடாத வீடு ஏது? எல்லோரும் அதே கடையில்தான் விதை வாங்குகிறார்கள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

சாயங்காலம் இவர் கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏ சுந்தரி, செனையா இருக்கப்ப கனம் தூக்கலாமா?"

"எதுங்க?"

"மாடுதான்."

"மாடு எந்தக் கனத்தத் தூக்கப் போகுது?"

"சும்மா கேட்டேன். வெயில்ல நடக்கலாம்ல?"

"நம்ம எருமை கன்னு போட்டு ரெண்டு மாசந்தான் ஆகுது. செனை எங்கருந்து வந்துச்சு?"

"உன்கிட்டப் போயி கேட்டேன் பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வயதாக ஆக மனிதருக்கு ஏதோ ஆகிறது.

செப்டம்பர் 22, திங்கள்

தண்ணீர்க் குழாயடியில் செல்லக்கிளி என்னை மறித்தாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"மதினி, அந்த மூலைச் சட்டி உங்க சட்டிதான?"

"இல்ல."

"ஆத்தா மேல சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியமா நான் வைக்கல."

அவள் என்னையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து கோபம் மாறாத கண் அது. பார்த்துக்கொண்டே குரலை இறக்கினாள்.

"வினோ மாசமா இருக்காளா?"

குடம் நிரம்பி வழிந்தது. நான் குனிந்து குழாயை மூடுவதிலேயே கண்ணாக இருந்தேன். அவள் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். போன திசை எங்கள் வீட்டுப் பக்கம்.

போச்சு. எல்லாம் போச்சு. அண்ணனிடம் சொல்லப் போகிறாள் என்று குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் அவள் இல்லை. இவர் மட்டும் கொட்டகையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "என்ன, நாய் தொரத்துச்சா?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை போலும். நாளைக்குச் சொல்வாளோ?

கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் பக்கம் கேட்டது, "அம்மா, எனக்குப் பாரி தூக்கணும்போல இருக்கும்மா. சின்னப் பிள்ளைல உங்க பின்னாடியே ஓடி வருவேன்ல?" அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பொங்கல் வைத்தாயிற்று. கோயில் முன்னால் அடுப்பு வரிசையாக எரிய, புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்ததால் என் கண்ணை யாரும் கவனிக்கவில்லை. நாளைக்குப் பாரி எடுப்பு. பூசாரி மைக்கில் இரண்டு முறை சொல்லிவிட்டார். உரியவர் வராவிட்டால் எந்தப் பாரியும் நிலையைத் தாண்டாது. நல்ல பாரி வளர்த்தவர்கள் எல்லாம் என்னை முறைக்கிறார்கள்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக்கு நான் சொல்லப் போகிறேன். அந்தச் சட்டியை நான் வைக்கவில்லை. ஆனால் என் மகளுக்குப் பாரி போடுகிற உரிமை எனக்குத்தானே? யார் வைத்தால் என்ன? ஆத்தா என் கண் முன்னால் கொண்டுவந்து வைத்த பாரியை என்னுடையதில்லை என்று சொன்னால், நான் என்ன தாய்? இவர் போகச் சொன்னால் போகிறேன். மகளின் வீட்டில் ஒரு மூலை இருக்காதா?

இதை எழுதிய பிறகு மனது லேசாகிவிட்டது. இரண்டு வருடமாக இப்படி ஒரு நாள்கூடப் பசித்ததில்லை. இரண்டு தட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். இவர்தான் சாப்பிடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

சாயங்காலம் நான்கு மணிக்கு மேளம் வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் குளித்து, ஈரத் தலையோடு, சும்மாட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் புளியமரத்தடியில் தள்ளி நின்றார்கள். பாரி வீட்டைத் திறந்து எல்லாச் சட்டியையும் நிலைக்கு உள்ளேயே வரிசையாக வைத்தேன். மூலைச் சட்டியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் பட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூசாரி குனிந்து பார்த்தார்.

"பாசிப்பயறு ஒரு வளத்தி. தட்டாம்பயறு ஒரு வளத்தி. சோளம் ஒரு வளத்தி. ஒரே நாள்ல போட்ட முத்து இல்ல இது. ஒரு கை போட்டதும் இல்ல." நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "கடைசித் தடவையா கேக்குறேன். இந்தப் பாரி யாருது?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், "என் பாரி."

அதே மூச்சில் புளியமரத்தடியிலிருந்து இன்னொரு குரலும், "என் பாரி" என்றது.

கண்ணைத் திறந்தேன். இவர்தான். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். மேளக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது.

"சோலைராசு, வெளையாடாத" என்றார் பூசாரி. "ஆம்பளைக்கு எங்கப்பா பாரி?"

"நாந்தாண்ணே வச்சேன். இவ குளிக்கப் போனப்ப சாவிய எடுத்தேன். பூட்டு சத்தம் போட்டுச்சு, கிரீஸ் தடவுனேன். வீட்டுல வேற வெதை தட்டுப்படல. கையில கெடச்சதப் போட்டேன்." எல்லோர் முன்னாலும் நின்று, என்னைப் பார்க்காமல் பூசாரியின் கால் கட்டை விரலைப் பார்த்துச் சொன்னார். "எம் மகளுக்குத் தலைச்சன். பொறந்த வீட்டுல பாரி போடலேன்னா அவளுக்குக் கொறையில்லையா?"

கூட்டத்தில் முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. "சாணிச் சட்டியிலயாடா தலைச்சன் பாரி!" என்று ஒரு குரல் வந்ததும் ஊரே சிரித்தது. இவருக்குக் காது வரைக்கும் சிவந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே" என்றேன்.

"கொட்டகைக்குப் பின்னால நின்னு நீ பேசுனா, கொட்டகைக்குள்ள நின்னு தண்ணி காட்டுறவனுக்குக் கேக்காதா? ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ போனை வைக்கிற வரைக்கும் எருமை எத்தனை வாளிதான் குடிக்கும்?"

பாவம் அந்த எருமை.

"பாசிப்பயறு?" என்றார் பூசாரி.

"அது நான்" என்றேன். "மொட்டையாக் கெடந்துச்சுண்ணே. யாரு வச்சதுன்னு தெரியாது. மனசு கேக்கல."

"அப்ப தட்டாம்பயறு?"

நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். இருவரும் இல்லையென்று தலையாட்டினோம். அப்போது பெண்கள் வரிசையில் கடைசியில் நின்ற செல்லக்கிளி சும்மாட்டுத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் போட்டேன். வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கப் போனேன். புள்ளைக்கு வச்ச பாரி வெறும் மண்ணாக் கெடந்துச்சு. திங்கிறதுக்கு மொளைகட்டுன தட்டாம்பயறு முந்தியில முடிஞ்சிருந்தேன், போட்டேன்."

"யாரு புள்ளைக்குன்னு தெரியாமலா?" என்று பூசாரி கேட்டார்.

"நம்ம வினோ புள்ளைக்குன்னு நெனச்சுத்தான்" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்கு நான் அவள் காலில் விழலாம். அவள் உள்ளே போய் எதையோ கெடுக்கிறாள் என்று நினைத்தேனே! இவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "செல்லக்கிளி, உன் முன்னாலதான் அன்னைக்கு அந்தச் சொல்லச் சொன்னேன். இன்னைக்கு உன் முன்னாலயே..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் உன்னய அந்தச் சொல்லச் சொல்லச் சொன்னேனாண்ணே?" என்று அவள் வெடித்தாள். "எனக்குக் கோவம் இருந்துச்சு. ஆறு மாசம் இருந்துச்சு. எம் மகனுக்கு ஒண்ணு அமைஞ்சதும் போயிருச்சு. நீயா வந்து சொல்லணும்னு நானும் இருந்தேன், நானா வந்து சொல்லணும்னு நீயும் இருந்த. நடுவுல அந்தப் புள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? எங்க அவ?"

அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். கோயில் திருப்பத்தில் மினி பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் என் மகள், மஞ்சள் சேலையில், வயிறு லேசாக மேடிட்டு, முன்னால் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பக்கத்தில் தினகரன். பிறகு அவன்தான் சொன்னான், போன வியாழக்கிழமை இவர் பஸ்ஸில் ஏறினாராம். இரண்டு வருடத்தில் முதல் தடவை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாராம்.

"மாமா எங்கிட்டப் பேசல அத்தை. முன் கண்ணாடிகிட்டத்தான் பேசுனாரு. 'புதன்கெழமை ஊர்ல பாரி எடுக்குறாக. எடுக்க வேண்டியவுக வந்தா நல்லது'ன்னாரு. நானும் கண்ணாடிகிட்டயே 'சரி'ன்னேன். வினோகிட்ட இன்னைக்குக் காலையிலதான் சொன்னேன்."

செல்லக்கிளி விறுவிறுவென்று போய் வினோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வினோ, "அத்தை, அத்தை" என்று அழுகிறாள். "அழுகாதடி, மை கரைஞ்சு மூஞ்சியெல்லாம் எருமை மாதிரி இருக்கு" என்று செல்லக்கிளி திட்டுகிறாள். பூசாரி இவரைப் பார்த்து, "நெலையத் தாண்டுனவன் ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். இவர் அந்தப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். வேட்டியில் பாதி ஊர் மண்.

பாரியை வினோ தலையில் வைக்கப் போனபோது செல்லக்கிளி தடுத்தாள். "இரும்புச் சட்டி, அதுல ஈர மண்ணு. மாசமா இருக்குறவ தலையில இதயா ஏத்துவாக? ஆம்பள போட்ட பாரின்னு தெரியுது!" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரை விட்டுத் தூக்கச் சொல்லித் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டாள். தன் வீட்டுப் பாரியை என் கையில் கொடுத்தாள். "நீ பக்கத்துல வந்து ஒரு கையால தொட்டுக்கிட்டு வாடி. அது போதும், ஆத்தா ஏத்துக்குவா."

அப்படியே போனோம். மேளத்துக்குப் பின்னால் செல்லக்கிளி, அவளை ஒட்டி ஒரு கையை உயர்த்திச் சட்டியைத் தொட்டபடி வினோ, பின்னால் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு பாரியோடு நான். தெருவில் வாசலுக்கு வாசல் பாரி சுமப்பவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ரேஷன் கடைக்காரர் மருமகள், "தப்பிச்சேன்டா சாமி" என்று வினோவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

கண்மாயில் தண்ணீர் கொஞ்சம்தான். இறக்கத்தில் களிமண் வழுக்குகிறது. ஆண்கள் கரையிலேயே நின்றுகொள்ள வேண்டும். செல்லக்கிளி சட்டியோடு இறங்கிவிட்டாள். வினோ செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தாள், சறுக்கியது. நான் கத்துவதற்குள் கரையிலிருந்து ஒரு கை நீண்டு அவள் கையைப் பிடித்துவிட்டது.

"வழுக்கும். பாத்து" என்றார் இவர்.

"சரிப்பா" என்றாள் அவள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிய பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதும். பாரியைக் கரைத்து, சட்டியை அலசிக் கவிழ்த்து, குலவையிட்டுக் கரை ஏறினோம். ஏறும்போதும் இவர்தான் கை கொடுத்தார். ஏறிய பிறகும் அந்தக் கையை விடவில்லை. தார் ரோட்டுக்கு வந்து, வழுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு வர, வீடு வந்து சேருகிற வரைக்கும் விடவில்லை.